"அந்த ஜட்ஜய யாரு போட்டது?"

2024 ஜூலை 4ஆம் திகதி. பல்கலைக்கழகக் கல்விசாரா ஊழியர்கள் வேலைநிறுத்தத்தில் இருந்ததால் நான் வீட்டில்தான் இருந்தேன். அம்மா மலையிலிருந்து வந்து, கால் கழுவி, தேத்தண்ணியோடு உட்கார்ந்த நேரம் செய்தி போனது. தோட்டத் தொழிலாளருக்கு நாட்சம்பளம் 1700 ரூபாய் என்ற வர்த்தமானிக்கு உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை. கம்பனிகள் போட்ட வழக்கு.

அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு கேட்டார்.

"அந்த ஜட்ஜய யாரு போட்டது?"

"ஜனாதிபதிதாம்மா."

"மே ஒன்னுக்கு கொட்டகலைக்கு வந்து 1700 தாறேன்னு சொன்னதும் ஜனாதிபதிதான? அவரு போட்ட ஜட்ஜே அவரு குடுத்தத நிப்பாட்டுவாரா?"

எல்லாரையும் இவரே போடவில்லை, முன்னால் இருந்தவர்கள் போட்டவர்களும் இருக்கிறார்கள், அதோடு நீதிமன்றம் சுயாதீனமானது என்று பாடப்புத்தகம் மாதிரி விளக்கினேன். "அதென்னா நம்ம விசயத்துல மட்டும் சுயாதீனமா இருக்காங்க?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. யோசித்துப் பார்த்தால் வெட்கமாகவும் இருந்தது. 2018ல் அமெரிக்காவில் பிரெட் கவனோவை நீதிபதியாக்கிய சண்டையை, 50க்கு 48 என்ற வாக்குக் கணக்கு வரைக்கும், எங்கள் பட்ச் பையன்கள் சொல்வார்கள். நம் நாட்டில் நீதியரசர் நியமனத்துக்காக நடந்த சண்டைகளைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. அதற்குப் பிறகு தேடி வாசித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். தமிழ்நாட்டுச் செய்தியில் "உயர் நீதிமன்றம்" என்றால் அது சென்னையிலும் மதுரையிலும் இருக்கிற, மாநில அளவு நீதிமன்றம். அதற்கு மேலே டெல்லியில் உச்ச நீதிமன்றம். நம் நாட்டில் உயர் நீதிமன்றம்தான் எல்லாவற்றுக்கும் உச்சி, கொழும்பு புதுக்கடையில் இருப்பது. மாகாண மட்டத்தில் இருப்பது மேல் நீதிமன்றம். யூடியூப்பில் இரண்டு நாட்டுச் செய்தியையும் மாற்றி மாற்றிப் பார்க்கிற நமக்கு இது எப்போதும் குழம்பும். இந்தக் கட்டுரையில் உயர் நீதிமன்றம் என்றால் புதுக்கடைதான்.

பழைய கதை ஒன்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. 1962 ஜனவரி 27. சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கத்தைக் கவிழ்க்க பொலிஸ், இராணுவ அதிகாரிகள் சிலர் போட்ட திட்டம் கடைசி நேரத்தில் பிடிபட்டது. 24 பேர் மீது வழக்கு. அவர்களைத் தண்டிப்பதற்கென்றே ஒரு விசேட சட்டம் கொண்டுவந்தார்கள். அந்தச் சட்டம் பின்தேதியிட்டு 1962 ஜனவரி 1 முதல் செல்லும். ஜூரி கிடையாது, மூன்று நீதியரசர்கள் மட்டும். அந்த மூவரையும் பெயர் குறிப்பிட்டு நியமிப்பது யார்? நீதி அமைச்சர். அதாவது, யாரைக் கவிழ்க்கப் பார்த்தார்களோ அந்த அமைச்சரவையில் இருக்கிற ஒருவர்.

அமைச்சர் மூன்று பேரை நியமித்தார். ரி.எஸ். பெர்னாண்டோ, எல்.பி. டி சில்வா, பி. ஸ்ரீஸ்கந்தராஜா. இந்த மூன்று பேரும் உட்கார்ந்து முதலில் கேட்ட கேள்வி, எங்களை நியமித்தது சரியா என்பதுதான். 1962 அக்டோபரில் தீர்ப்புச் சொன்னார்கள்: சரியில்லை. ஒரு வழக்கை எந்த நீதிபதி விசாரிப்பது என்று தீர்மானிப்பது நீதித்துறையின் வேலை. அதை அமைச்சரிடம் கொடுக்கிற சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரண். அதோடு, அமைச்சர் பொறுக்கியெடுத்த நீதிபதிகள் விசாரித்தால், அவர்கள் எவ்வளவு நேர்மையானவர்களாக இருந்தாலும், பார்க்கிறவனுக்கு நீதி நடந்ததாகத் தெரியாது. இப்படிச் சொல்லிவிட்டு மூவரும் எழுந்து போய்விட்டார்கள். நியமிக்கப்பட்டவர்களே தங்கள் நியமனத்தை வேண்டாம் என்ற இந்த மாதிரி ஒன்றை நான் வேறெங்கும் வாசிக்கவில்லை.

அரசாங்கம் சட்டத்தைத் திருத்தி, நியமிக்கிற அதிகாரத்தைப் பிரதம நீதியரசருக்குக் கொடுத்தது. இரண்டாவது குழுவில் இருந்த ஒருவர் முன்பு சட்டமா அதிபர் பொறுப்பில் இருந்து இதே வழக்கின் விசாரணையோடு சம்பந்தப்பட்டவர். அந்தக் குழுவும் கலைந்தது. மூன்றாவது குழுதான் 1965ல் 11 பேரைக் குற்றவாளிகள் என்றது. அந்த வருடம் டிசம்பரில் லண்டன் பிரிவி கவுன்சில் அவர்களையும் விடுதலை செய்தது. அந்தச் சதிகாரர்கள் மேல் எனக்கு எந்த அனுதாபமும் இல்லை. வென்றிருந்தால் நம் தொழிற்சங்கங்களை அவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று நினைத்தாலே பயம்.

1972ல் குடியரசு வந்தது, 1978ல் ஜே.ஆரின் அரசியலமைப்பு வந்தது. அதோடு உயர் நீதிமன்றத்தில் யார் உட்கார்வது என்பது ஜனாதிபதி ஒருவரின் கையெழுத்தில் வந்து நின்றது. பழைய நீதியரசர்கள் எல்லாருடைய பதவியும் புதிய அரசியலமைப்போடு முடிவுக்கு வந்தது. விரும்பியவர்கள் திரும்ப நியமிக்கப்பட்டார்கள், சிலர் வெளியே நின்றார்கள். பதவி நீக்கினோம் என்று சொல்லத் தேவையே வரவில்லை.

ஜே.ஆர். 1977ல் பிரதம நீதியரசராகப் போட்டவர் நெவில் சமரக்கோன். நீதியரசராக இருந்து படிப்படியாக மேலே வந்தவர் இல்லை. நேராகச் சட்டத்தரணிகள் பக்கமிருந்து வந்தார், ஜே.ஆருக்கு வேண்டியவர் என்று எல்லாரும் பேசினார்கள். ஆனால் அந்த ஆள் ஜே.ஆர். எதிர்பார்த்த மாதிரி நடக்கவில்லை. 1983ல் விவியன் குணவர்தன வழக்கில் பொலிசுக்கு எதிராகத் தீர்ப்பு வந்ததும் நீதியரசர்களின் வீட்டு வாசலுக்குக் குண்டர்கள் போனார்கள். 1984ல் ஒரு பரிசளிப்பு விழாவில் சமரக்கோன் அரசாங்கத்தைக் காரமாக விமர்சித்துப் பேசினார். உடனே பாராளுமன்றத் தெரிவுக்குழு. அது முடிவதற்குள் அவருடைய ஓய்வு வயது வந்துவிட்டது.

அந்தத் தெரிவுக்குழுவில் எதிர்க்கட்சிக்காரர்கள் மூன்று பேர் இருந்தார்கள்: அநுர பண்டாரநாயக்க, சரத் முத்தெட்டுவேகம, தினேஷ் குணவர்தன. நீதியரசர் மேல் குற்றச்சாட்டு வந்தால் அதை அரசியல்வாதிகள் விசாரிக்கக் கூடாது, நீதிபதிகள்தான் விசாரிக்க வேண்டும் என்று அவர்கள் தனியாக எழுதி வைத்தார்கள். மூன்றாவது பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது 1996. சந்திரிகா ஜனாதிபதி, ஜி.எல். பீரிஸ் நீதி அமைச்சர். அக்டோபர் கடைசியில் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு புதிய நியமனம்: ஷிராணி பண்டாரநாயக்க. வயது 38. கொழும்புப் பல்கலைக்கழகச் சட்டபீடாதிபதி. இலங்கை உயர் நீதிமன்றத்தில் உட்கார்ந்த முதல் பெண். இன்றைக்கு என்றால் நாமெல்லாம் ஸ்டேட்டஸ் போட்டுக் கொண்டாடியிருப்போம். ஆனால் புதுக்கடை கொதித்தது. அவர் ஒரு நாளும் நீதிமன்றத்தில் வழக்காடியதில்லை, கீழ் நீதிமன்றத்தில் உட்கார்ந்ததில்லை, வருடக்கணக்காகக் காத்திருந்தவர்களைத் தாண்டி வந்தார், பீரிஸ் இருந்த அதே பீடத்திலிருந்து வந்தவர் என்பதால் இது அமைச்சரின் ஆள் — இப்படி. சட்டத்தரணிகள் அதே நீதிமன்றத்தில் மனுப்போட்டார்கள்.

இந்த எதிர்ப்பில் நியாயம் எவ்வளவு, ஆம்பிளைத் திமிர் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பது கஷ்டம். சமரக்கோனும் வெளியிலிருந்து வந்தவர்தான். அவர் நேராகப் பிரதம நீதியரசர் கதிரையிலேயே உட்கார்ந்தார். ஆனாலும் வெளியிலிருந்து வருவது தப்பு என்றால் அது ஆணுக்கும் தப்பு, ஜனாதிபதி தனக்கு வேண்டியவரைப் போடுவது தப்பு என்றால் பெண்ணுக்கும் தப்பு. எனக்கு இரண்டாவது வாதத்தில்தான் பாரம் இருப்பதாகப் படுகிறது.

மனுக்களை விசாரித்த குழுவுக்குத் தலைமை வகித்தவர் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ. மனுக்கள் தள்ளுபடி. ஆனால் போகிறபோக்கில் ஒரு முக்கியமான விசயத்தைச் சொன்னார்கள்: ஜனாதிபதியின் நியமன அதிகாரம் எல்லையில்லாதது அல்ல, அதற்கும் வரம்பு உண்டு. இரண்டு வருடம் கழித்து, 1999 செப்டெம்பரில், பிரதம நீதியரசர் பதவி காலியானது. மூப்பின்படி மார்க் பெர்னாண்டோவுக்கு வந்திருக்க வேண்டியது. சந்திரிகா போட்டது சட்டமா அதிபராக இருந்த சரத் என். சில்வாவை. அப்போது சில்வாவின் பெயரைச் சட்டத்தரணிகள் பட்டியலிலிருந்து நீக்கக் கோரும் முறைப்பாடுகள் அதே உயர் நீதிமன்றத்தில் கிடந்தன. நீதிபதிகளின் சுயாதீனத்துக்கான ஐ.நா. விசேட அறிக்கையாளர் பரம் குமாரசாமி (மலேசியத் தமிழர்) இதைப் பற்றிக் கவலை தெரிவித்தார். யாரும் கேட்கவில்லை. 2001ல் எதிர்க்கட்சி சில்வா மேல் குற்றப்பிரேரணை கொண்டுவந்தபோது சந்திரிகா பாராளுமன்றத்தையே ஒத்திவைத்தார். 2006ல் வடக்குக் கிழக்கு இணைப்புச் செல்லாது என்ற தீர்ப்பு வந்தது சில்வாவின் நீதிமன்றத்திலிருந்துதான்.

ஷிராணிக்குத் திரும்புவோம். 1996ல் அவரை எதிர்த்தவர்கள் பயந்த மாதிரி அவர் அரசாங்கத்தின் பொம்மையா? பதில் நேராக இல்லை. 2010ல் மகிந்த ராஜபக்ச 18ஆவது திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஒருவர் இரண்டு தடவைதான் ஜனாதிபதியாகலாம் என்ற வரம்பு போனது. நீதியரசர் நியமனத்துக்கு ஒரு வடிகட்டியாக 2001ல் வந்த அரசியலமைப்புப் பேரவை போனது. அவசர சட்டமூலம் என்று அனுப்பியதால் உயர் நீதிமன்றம் ஒரே நாளில் விசாரித்தது. சர்வசன வாக்கெடுப்புத் தேவையில்லை என்று சொன்ன ஐவர் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் ஷிராணி பண்டாரநாயக்க. செப்டெம்பர் 8ஆம் திகதி 161க்கு 17 என்று நிறைவேறியது. 2011 மே மாதம் அவர் பிரதம நீதியரசரானார், அந்த இடத்துக்கு வந்த முதல் பெண். அவருடைய கணவர் அரசாங்க வங்கி ஒன்றின் தலைவராக இருந்தார். இதெல்லாம் நடக்கும்போது யாரும் குற்றப்பிரேரணை கொண்டுவரவில்லை.

பிரச்சினை வந்தது "திவிநெகும"வில். தமிழில் வாழ்வின் எழுச்சி. பசில் ராஜபக்சவின் அமைச்சுக் கொண்டுவந்த சட்டமூலம். சமுர்த்தி அதிகார சபை, தென் அபிவிருத்தி அதிகார சபை, உடரட்ட அபிவிருத்தி அதிகார சபை மூன்றையும் ஒன்றாக்கி, பெரிய நிதியோடு ஒரு திணைக்களம். "உடரட்ட" என்றால் மலைநாடு. பெயரைப் பார்த்து நம்முடையது என்று நினைத்துவிடாதீர்கள். மலைநாட்டு அபிவிருத்தி என்ற பேச்சு கண்டிச் சிங்களக் கிராமங்களில் தொடங்கி அங்கேயே முடிந்துவிடும், லயத்துக்கு ஏறி வராது. சமுர்த்தி முத்திரை கூட தோட்டத்துக்கு வந்தது பிந்தித்தான், அதுவும் குறைவாகத்தான்.

மாகாண சபைகளின் அதிகாரத்தில் கைவைப்பதால் எல்லா மாகாண சபைகளுக்கும் இதை அனுப்ப வேண்டும் என்று 2012 செப்டெம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. இயங்கிய சபைகள் எல்லாம், நம் மத்திய மாகாண சபையும் சேர்த்து, கையைத் தூக்கின. வடக்கில் அப்போது தெரிவுசெய்யப்பட்ட சபையே இல்லை. ஆளுநர் சம்மதம் கொடுத்தார். ஆளுநரின் சம்மதம் சபையின் சம்மதம் ஆகாது என்று நீதிமன்றம் திரும்பவும் சொன்னது. இடையில் அக்டோபர் 7ஆம் திகதி நீதிச்சேவை ஆணைக்குழுவின் செயலாளர் மஞ்சுள திலகரத்ன கல்கிசையில் பட்டப்பகலில் காரில் வைத்துத் தாக்கப்பட்டார். நவம்பர் 1ஆம் திகதி 117 எம்.பி.க்கள் ஒப்பமிட்ட குற்றப்பிரேரணை சபாநாயகர் கையில். சபாநாயகர் யார்? சமல் ராஜபக்ச. தம்பி ஜனாதிபதி, இன்னொரு தம்பியின் சட்டமூலம், அண்ணன் சபாநாயகர். கதை எழுதினால் இப்படி எழுதாதே, நம்பமாட்டார்கள் என்பார்கள்.

14 குற்றச்சாட்டுகள். 11 பேர் கொண்ட தெரிவுக்குழுவில் அரசாங்கத்தவர் 7 பேர், எதிர்க்கட்சியினர் 4 பேர். சம்பந்தனும் அதில் ஒருவர். டிசம்பர் 6ஆம் திகதி, நியாயமான விசாரணை கிடைக்காது என்று ஷிராணி வெளியே வந்தார். மறுநாள் எதிர்க்கட்சியின் நான்கு பேரும் விலகினார்கள். அதற்கடுத்த நாள் அறிக்கை தயார்: மூன்று குற்றச்சாட்டுகளில் குற்றவாளி. ஒரு தோட்டத்தில் களவு நடந்தால் துரை நடத்துகிற விசாரணை கூட இதைவிட ரெண்டு நாள் கூட எடுக்கும்.

2013 ஜனவரி 1ஆம் திகதி உயர் நீதிமன்றம், ஒரு நீதியரசரைக் குற்றவாளி என்று தீர்மானிக்க இந்தத் தெரிவுக்குழுவுக்குச் சட்ட அதிகாரம் இல்லை என்றது. ஜனவரி 7ஆம் திகதி மேன்முறையீட்டு நீதிமன்றம் அறிக்கையை ரத்துச் செய்தது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் எஸ். ஸ்ரீஸ்கந்தராஜா. 1962லும் ஒரு ஸ்ரீஸ்கந்தராஜா, 2013லும் ஒரு ஸ்ரீஸ்கந்தராஜா. வேறு வேறு ஆட்கள்தான், பெயர்ப் பொருத்தம் மட்டும். ஆனால் வாசிக்கும்போது உடம்பு ஒரு தடவை சிலிர்த்தது.

பாராளுமன்றம் கேட்கவில்லை. ஜனவரி 8ஆம் திகதி திவிநெகும நிறைவேறியது. 11ஆம் திகதி குற்றப்பிரேரணை, 155க்கு 49. 13ஆம் திகதி ஜனாதிபதி கையொப்பம். 15ஆம் திகதி புதிய பிரதம நீதியரசர் சத்தியப்பிரமாணம் செய்தார்: மொஹான் பீரிஸ், முன்னாள் சட்டமா அதிபர், அமைச்சரவையின் சட்ட ஆலோசகராக இருந்தவர். சட்டத்தரணிகள் கறுப்புக் கோட்டோடு தெருவுக்கு வந்தார்கள், நீதிமன்ற வேலைகளைப் பகிஷ்கரித்தார்கள். அரசாங்கத்துக்கு ஆதரவான கூட்டமும் பஸ்ஸில் வந்து இறங்கியது.

இங்கேதான் நான் நின்று பார்த்தேன். 1996ல் ஷிராணியின் நியமனத்தைத் திட்டிய சட்டத்தரணிகளின் உலகம் 2013ல் அவருக்காகத் தெருவில் நின்றது. 1996ல் அவரைக் கொண்டுவந்த நீதி அமைச்சர் ஜி.எல். பீரிஸ், 2013ல் அவரைத் தூக்கிய அரசாங்கத்தின் வெளிநாட்டு அமைச்சர். 1984ல் நீதியரசரை நீதிபதிகள்தான் விசாரிக்க வேண்டும் என்று எழுதிக் கையொப்பமிட்ட தினேஷ் குணவர்தன, இந்தத் தடவை அரசாங்கக் கட்சியின் பிரதம கொறடா. 2010ல் வடிகட்டியை எடுத்துவிடச் சம்மதித்த ஷிராணிக்கு, அவருடைய இடத்தில் உட்கார வந்தவரைத் தடுக்க எந்த வடிகட்டியும் மிச்சமில்லை.

நம் மலையகம் அப்போது என்ன செய்தது? எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது, ஒன்றும் ஞாபகமில்லை. பத்திரிகைகளைப் பார்த்தால் மலையகக் கட்சிகளின் பெரும்பகுதி அரசாங்க வரிசையில் இருந்தது. இ.தொ.கா.வின் ஆறுமுகன் தொண்டமான் அமைச்சர். 18ஆவது திருத்தத்துக்கு முன்னாலேயே எதிர்க்கட்சிப் பட்டியலில் வென்ற சிலரும் அந்தப் பக்கம் போயிருந்தார்கள். அமைச்சு இருந்தால்தான் தோட்டத்துக்கு ரோட்டுப் போடலாம், கூரைத் தகரம் வாங்கலாம் என்ற கணக்கு அது. அந்தக் கணக்கை நான் முழுதாகக் குறை சொல்லமாட்டேன். எங்கள் லயத்துக்கு வந்த தகரமும் அப்படி வந்ததுதான். ஆனால் ஒரு பிரதம நீதியரசரைத் தூக்குவது கொழும்புக்காரர்களின் பிரச்சினை, நமக்கென்ன என்று இருந்த அந்த மௌனத்துக்கு ஒரு விலை உண்டு. சம்பள வழக்குப் போய் நிற்பது அதே கட்டடத்தில்தான்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 2014 பெப்ரவரியில் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை உயர் நீதிமன்றமே கவிழ்த்தது. 2015 ஜனவரியில் மைத்திரி வந்தார். பீரிஸின் நியமனம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று ஒரு கடிதம், ஜனவரி 28ஆம் திகதி ஷிராணி திரும்பவும் தன் கதிரையில். மறுநாள் ஓய்வு. 30ஆம் திகதி கே. ஸ்ரீபவன் பிரதம நீதியரசரானார். எல்லாரும் வெடி கொளுத்தினார்கள். நல்லாட்சிக்காரர்கள் என்பதால் நாமும் கேள்வி கேட்கவில்லை. ஆனால் 155 கைகள் தூக்கிச் செய்த தப்பை, ஒரு ஜனாதிபதி ஒரு கடிதத்தில் திருத்தினார். அந்த மாதிரிக் கடிதத்தை அடுத்த ஜனாதிபதியும் எழுதலாம் தானே? 2015ல் 19ஆவது திருத்தம் பேரவையைத் திரும்பக் கொண்டுவந்தது, 2020ல் 20ஆவது எடுத்தது, 2022ல் 21ஆவது திரும்பக் கொண்டுவந்தது. இருக்கு, இல்லை, இருக்கு.

இந்தியாவில் நீதிபதிகளே நீதிபதிகளைத் தெரிவு செய்கிறார்கள், கொலீஜியம் என்று சொல்வார்கள். அப்ப அங்கே பிரச்சினையில்லையா என்றால், அதுவும் இல்லை. 2023ல் விக்டோரியா கௌரி என்ற வழக்கறிஞரைச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் பரிந்துரைத்தார்கள். அவர் பா.ஜ.க. மகளிரணியில் இருந்தவர், முஸ்லிம்களையும் கிறிஸ்தவர்களையும் பற்றி வெறுப்பாகப் பேசியவர் என்று சென்னை வழக்கறிஞர்கள் 21 பேர் எழுத்தில் எதிர்த்தார்கள். பெப்ரவரி 7ஆம் திகதி டெல்லியில் உச்ச நீதிமன்றம் அந்த எதிர்ப்பு மனுவை விசாரித்துக்கொண்டிருந்த அதே காலையில் சென்னையில் அவர் பதவி ஏற்றார். மனு தள்ளுபடி.

சரி, நல்ல முறையில் நியமிக்கப்பட்ட, யாருக்கும் பயப்படாத நீதிபதிகள் இருந்தால் நமக்கு நியாயம் கிடைத்துவிடுமா? அம்மாவின் கேள்வி உண்மையில் இதுதான். இதற்கு மலையகத்துக்குள்ளேயே இரண்டு பதில் இருக்கிறது, இரண்டும் எதிரும் புதிருமானவை.

1936ல் மடுல்கலைப் பக்கம் ரெலுகாஸ் தோட்டத்தில் வேலை பழக வந்த பிரேஸ்கேர்டில் என்ற அவுஸ்திரேலிய இளைஞன், துரைமாரை விட்டுவிட்டுத் தொழிலாளர் பக்கம் நின்று மேடையேறினான். தோட்டத்துரைமார் சொல்லி, ஆளுநர் ஸ்டப்ஸ் அவனை நாடு கடத்த உத்தரவு போட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்று அவனை விடுவித்தது. வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றம், வெள்ளைக்கார ஆளுநருக்கு எதிராக.

இரண்டாவது பதில் கோடகன்பிள்ளை வழக்கு. 1948 பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 தேர்தல் திருத்தச் சட்டமும் நம் ஆட்களின் வாக்கைப் பறித்தன. 1947ல் நுவரெலியாவில் வென்று பாராளுமன்றம் போன சௌமியமூர்த்தி தொண்டமானுக்கு வாக்களித்தவர்கள் அடுத்த பட்டியலில் இல்லை. கேகாலை மாவட்டம் ருவன்வெல்லைத் தொகுதியில் கோடகன்பிள்ளை தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கக் கேட்டார். மறுத்தார்கள். மேலே இருந்த மீளாய்வு அதிகாரி என். சிவஞானசுந்தரம் சட்டத்தை எடுத்து வாசித்தார். சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, வேறு சமூகத்தவருக்கு இல்லாத தடையை ஒரு சமூகத்துக்கு மட்டும் போடுகிற சட்டத்தைப் பாராளுமன்றம் செய்யக் கூடாது என்கிறது, ஆகவே இந்த இரண்டு சட்டங்களும் செல்லாது, பெயரைச் சேருங்கள் என்றார். பெரிய நீதியரசர் இல்லை, இடாப்புத் திருத்துகிற ஒரு அதிகாரி.

அரசாங்கத் தரப்பு உயர் நீதிமன்றம் போனது. 1951ல் அந்த முடிவு ரத்து. 1953ல் பிரிவி கவுன்சிலும் கைவிரித்தது. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான வேலை, சட்டத்தின் வார்த்தையில் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை, இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டத்தின் கீழ் விண்ணப்பிக்க வழியும் இருக்கிறது தானே என்றார்கள். அந்த நீதிபதிகளில் யாரும் டி.எஸ். சேனநாயக்கவின் ஆள் இல்லை. லண்டனில் இருந்தவர்களுக்கு இலங்கை அரசாங்கத்தால் ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் கொடுக்க முடியாது. அவ்வளவு சுயாதீனமானவர்கள். பத்து லட்சம் பேருக்குக் கிட்டத்தட்ட இருந்த ஒரு சமூகம் 1952 தேர்தலில் வெளியே நின்றதை அவர்களால் சட்டத்தின் எழுத்துக்கு அப்பால் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகு 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம், 5,25,000 பேர் அந்தப் பக்கம், 3,00,000 பேர் இந்தப் பக்கம். எங்கள் தாத்தாவின் அண்ணன் கப்பல் ஏறினார், தாத்தா இருந்தார்.

யார் நீதிபதியைப் போடுகிறார் என்பதோடு, அந்த நீதிபதிக்கு எந்த வாழ்க்கை கண்ணில் படுகிறது என்பதும் கேள்விதான். லயத்தைப் பார்த்தவர், கொழுந்துக் கூடையின் பாரம் தெரிந்தவர், தமிழில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் கேட்கக்கூடியவர் அந்த மேசையில் இருந்தால், 1951லும் 2024லும் அதே தீர்ப்புத்தான் வந்திருக்குமா? வந்தும் இருக்கலாம். ஆனால் கேட்கப்பட்ட கேள்விகள் வேறாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் சட்டபீடத்துக்குப் போவது கூடியிருக்கிறது. எங்கள் தோட்டத்துப் பக்கமும் ஒரு அக்கா ஹட்டன் நீதிமன்றத்துக்குக் கறுப்புக் கோட்டோடு போகிறார், சின்னப் பிள்ளைகள் ரோட்டில் நின்று பார்க்கும்.

செப்டெம்பரில் புதிய வர்த்தமானி வந்தது. 1700 இல்லை, 1350. அதற்கிடையில் ஒரு நாள் இராத்திரி அம்மாவுக்கு இந்தக் கதைகளைச் சொன்னேன். ஷிராணி கதையைப் பாதியிலேயே "அவங்களுக்குள்ள அடிச்சுக்கிட்டாங்க" என்று தள்ளிவிட்டார். கோடகன்பிள்ளை கதையை மட்டும் கடைசி வரை கேட்டார்.

"ஓட்டே இல்லாத ஆளு லண்டன் வரைக்கும் கேஸ் போனானா?"

"போனாரும்மா. தோத்துட்டாரு."

"தோத்தா என்னா, போனான்ல." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம கேஸ் திரும்ப எப்ப எடுக்குறாங்களாம்?" என்று கேட்டார்.